மாத்திரையா, போர்வையா, மணியை மாற்றுவதா? ஆட்டிசம் உள்ள வளர்ந்த பிள்ளைகளின் உறக்கம்

தோட்டத்து ஊரில் சீக்கிரம் எழுகிறவனுக்குத்தான் மரியாதை. பால்மரம் வெட்டிய தாத்தா நாலரைக்கு எழுந்தார், ஐந்தரைக்குப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், நின்றார். லயத்து வீட்டை விட்டுத் தாமான் குடியிருப்புக்குக் குடிவந்து ஒரு தலைமுறை ஆகியும் அந்தக் கணக்கு நம்மை விடவில்லை. அதனால் மலேசியாவின் பெராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு பையன் இரவு இரண்டு மணி வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால், பாவம் தூக்கம் வரவில்லை என்று யாரும் சொல்வதில்லை. "சோம்பேறி, காலையில எழும்ப மாட்டேங்கிறான்" என்றுதான் பேச்சு. அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிந்துவிட்டாலோ ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். சளி மருந்து கொடுங்க, தூங்கிடுவான். போனைப் பிடுங்குங்க. ஆன்லைன்ல மெலட்டோனின் மிட்டாய் விக்கிறாங்க. கனமான போர்வை ஒண்ணு இருக்காம். கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டுங்க.

இவற்றில் எதை முதலில் செய்வது, எதற்குக் காசைச் செலவழிப்பது, எதன் பக்கமே போகக் கூடாது என்று பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். என் தம்பிக்கு 24 வயது, ஆட்டிசம். ஊருக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. எதிர்வீட்டு அக்காவின் மகளுக்கு 15, படிவம் மூன்று, அவளுக்கும் ஆட்டிசம். இரண்டு பேருக்கும் இரவில் தூக்கமில்லை. ஆனால் ஒருவருக்குச் சரிப்படுவது மற்றவருக்குச் சரிப்படாது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: மாத்திரையையும் போர்வையையும் பற்றி யோசிப்பதற்கு முன் அந்த ஆள் எத்தனை மணிக்கு எழுந்தாக வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். பாதிச் சிக்கல் இரவில் இல்லை, காலையில் இருக்கிறது.

தூக்கம் கெட்டால் மனசு என்ன ஆகும்

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பாதிக்கு மேல், சில ஆய்வுகளில் நூற்றுக்கு 80 பேர் வரை, தூக்கச் சிக்கல் உள்ளவர்கள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்பது நம் ஆசை. பலருக்கு அது வயதுவந்த பிறகும் தொடர்கிறது. மனநிலைக் கணக்கும் லேசானதில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குப் பதற்ற நோயும் 23 பேருக்கு மனச்சோர்வும் நடப்பில் இருப்பதாகச் சொல்கிறது. தூக்கம் கெட்டதால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் தூக்கம் போனதா என்று கேட்டால் இரண்டும்தான். எந்தக் குறையுமில்லாத இளைஞர்களையே ஓர் இரவு முழுக்க விழிக்கவைத்து 2007இல் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். பயத்தையும் கோபத்தையும் எழுப்பும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கி எழுந்தவர்களைவிட ஏறக்குறைய 60 விழுக்காடு அதிகமாகத் துள்ளியது. சத்தமும் வெளிச்சமும் ஏற்கெனவே உறுத்துகிற ஒருவருக்கு இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஆட்டிசம் உள்ள பலருக்குத் தன் உணர்ச்சி இன்னதென்று பிரித்துச் சொல்ல வராது. என் தம்பி ஒருநாளும் "எனக்குக் கவலையா இருக்கு" என்று சொன்னதில்லை. "வயிறு ஒரு மாதிரி இருக்குக்கா" என்பான். அப்போது நான் என்ன சாப்பிட்டான் என்று விசாரிப்பதோடு, நேற்று எப்போது தூங்கினான் என்றும் கேட்பேன். எதிர்வீட்டுப் பிள்ளை வேறு ரகம். பள்ளியில் யாரோடும் வம்பில்லாமல் ஏழு மணி நேரம் இருந்துவிட்டு வந்து, வீட்டில் தட்டு விழுந்த சத்தத்துக்கு உடைந்து அழுவாள். அந்த அழுகை தட்டினால் வந்ததில்லை, முந்தின இரவிலிருந்து சேர்ந்தது.

கிளினிக்கை முடித்துவிட்டு மற்றது

எதைத் தேர்ந்தெடுத்தாலும் அதற்கு முன் ஒருமுறை அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தான் போய் வருவதை நான் ஒரு தேர்வாகவே கணக்கில் வைக்கவில்லை. அது கட்டாயம். மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், பல்வலி எல்லாமே இரவைக் கெடுக்கும். வலியைச் சொல்லத் தெரியாதவரிடம் அவை நடமாட்டமாகவும் கோபமாகவும்தான் வெளிப்படும். குறட்டையும் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது தனி நோய், அதற்குத் தனி வைத்தியம். படுத்ததும் கால் நிலைகொள்ளாமல் உதைத்துக்கொண்டிருந்தால் இரும்புச்சத்துக் குறைவாக இருக்கலாம். நாலைந்து பண்டங்களுக்கு மேல் சாப்பிடாத பிள்ளைகளுக்கு இது வர வாய்ப்பு அதிகம். உடம்பில் சேமிப்பிலுள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். பரிசோதனை இல்லாமல் இரும்பு மாத்திரை வேண்டாம், நம் நாட்டில் பரம்பரையாக வரும் தலசீமியா இரத்தக் குறையின் கூறு உள்ளவர்கள் நிறைய, அவர்களுக்குத் தேவையில்லாத இரும்பு கெடுதலாகலாம். வலிப்பு நோயும் ஆட்டிசத்தோடு சேர்ந்து வரக்கூடியது, பதின்ம வயதில் புதிதாகத் தலைகாட்டவும் செய்யும். தூக்கத்தில் உடல் வெட்டி இழுத்தால் முடிந்தால் போனில் படம் பிடித்து டாக்டரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகளின் நேரத்தையும் கேட்க வேண்டும். கவனக்குறைவுக்கான சில மாத்திரைகளைப் பிற்பகலில் போட்டால் இரவு போய்விடும்.

பெராக்கில் இதற்கு ஒரு தனித் தடங்கல் இருக்கிறது. மனநல மருத்துவர் என்றாலே ஊரில் 'தஞ்சோங் ரம்புத்தானா?' என்பார்கள். உலு கிந்தாவின் பஹாகியா மனநல மருத்துவமனை 1911இலிருந்து அங்கே இருக்கிறது. மூன்று தலைமுறை அந்த ஊர்ப் பெயரையே வசவாக்கிவிட்டது. ஈப்போ பெரியாஸ்பத்திரியிலும் மனநலப் பிரிவு இருக்கிறது என்பதையும், தூக்கத்துக்காகப் போகிறவரைப் பிடித்துவைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதையும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிடுவது நல்லது. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ அட்டை இருந்தால் அரசாங்க மருத்துவமனைச் செலவும் பெரும்பாலும் இல்லை. ஆட்டிசத்தைக் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் பதிவார்கள். பெரியவரான பிறகும் பதியலாம்.

சளி மருந்தும் கயிறும்

அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கிற, தூக்கம் வரவைக்கும் மருந்துகளைத் தூக்க மருந்தாகத் தினமும் கொடுப்பதை நான் வெளிப்படையாக எதிர்க்கிறேன். முதல் சில இரவு கேட்கும், பிறகு உடம்பு பழகிவிடும். மறுநாள் மந்தமாக இருக்கும், வாய் உலரும், மலம் இறுகும். மலச்சிக்கலும் தூக்கத்தைக் கெடுக்கும் என்று மேலே சொன்னேன். சில பிள்ளைகளுக்குத் தூக்கம் வருவதற்குப் பதில் துள்ளல் வரும். கயிற்றைப் பற்றி எனக்கு அபிப்பிராயம் இல்லை. கட்டுகிறவர்கள் அது மணிக்கட்டில் உறுத்துகிறதா என்று மட்டும் பாருங்கள். உறுத்தினால் அதுவே அன்றைய இரவைத் தின்றுவிடும்.

மெலட்டோனின்: நல்ல மருந்து, தவறான கடை

இருட்டத் தொடங்கியதும் மூளை தானாகச் சுரக்கிற இயக்குநீர் இது. 'இனி இரவு' என்று உடம்புக்குச் சொல்வது அதன் வேலை. ஆட்டிசம் உள்ள சிறுவர்கள், பதின்ம வயதினர் தூக்கத்துக்கு அமெரிக்க நரம்பியல் கழகம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டி வரிசை போட்டுச் சொல்கிறது. முதலில் உடல் நோய்களைத் தேடு, பிறகு பழக்கவழக்கத்தை மாற்று, அதற்கும் மசியாவிட்டால் மெலட்டோனின். படுக்கப்போகும் முன் 30 முதல் 60 நிமிடத்துக்குள், 1 முதல் 3 மில்லிகிராமில் தொடங்கி, தேவைப்பட்டால் மெல்ல உயர்த்தி, 10ஐத் தாண்டாமல். சில மாதங்களுக்குப் பாதுகாப்பானது என்பதற்கு நல்ல சான்று உண்டு, ஆண்டுக்கணக்கில் எடுப்பதற்கான சான்று அதைவிடக் குறைவு.

இதை ஏன் முதலில் செய்யக் கூடாது என்று கேட்பார்கள். காரணம், அது எதைச் செய்யும் என்பதில் இருக்கிறது. படுத்ததும் தூக்கம் வராதவருக்கு அது உதவும். நடு இரவு மூன்று மணிக்கு விழித்துக்கொள்கிறவருக்குச் சாதாரண மாத்திரை பெரிதாக உதவாது, மெல்லக் கரைகிற வகை வேண்டும். இரவெல்லாம் மனசு சுழல்கிறவருக்கு அது ஓரளவுதான். எதிர்வீட்டுப் பிள்ளையின் சிக்கல் முதல் வகை. என் தம்பி படுத்தால் தூங்கிவிடுவான், ஆனால் மூன்று மணிக்கு எழுந்து மறுநாள் வேலையில் யார் என்ன சொல்லக்கூடும் என்று ஒத்திகை பார்ப்பான். அவள் விஷயத்தில் நான் மெலட்டோனினைப் பற்றி டாக்டரிடம் பேசுவேன். அவன் விஷயத்தில் அது மூன்றாவதோ நான்காவதோதான்.

கடை விஷயத்துக்கு வருவோம். கனடாவில் விற்ற மெலட்டோனின் சத்துமாத்திரைகளைச் சோதித்து 2017இல் வந்த ஆய்வில், உள்ளிருந்த அளவு லேபிளில் போட்டதைவிட 83 விழுக்காடு குறைவிலிருந்து 478 விழுக்காடு கூடுதல் வரை போயிருந்தது. கால்வாசிப் பொருள்களில், மூளையில் இயங்கும் இன்னொரு வேதிப்பொருளான செரட்டோனின் வேறு கலந்திருந்தது. ஆன்லைனில் வருகிற மிட்டாய்ப் புட்டியில் 3 மில்லிகிராம் என்று எழுதியிருப்பதற்கு இவ்வளவுதான் மதிப்பு. நம் நாட்டில் பதிவுபெற்ற மருந்தென்றால் பெட்டியில் 'எம்ஏஎல்' என்று தொடங்கும் எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். அது இல்லாததை, எத்தனை நட்சத்திரம் வாங்கியிருந்தாலும், பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். பதற்றத்துக்காக ஃப்ளுவாக்ஸமீன் எடுப்பவர் என்றால் இன்னும் கவனம். அந்த மருந்து உடம்பில் மெலட்டோனின் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும்.

கனத்த போர்வை

உடம்பெடையில் பத்தில் ஒரு பங்கு என்பது விற்பவர்களின் கணக்கு. 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ. ஏர்கோன் இல்லாத தாமான் வீட்டில், மழை வராத இரவில், 6 கிலோவைப் போர்த்திக்கொண்டு தூங்குவதைக் கற்பனை செய்து பாருங்கள். சான்றும் அவ்வளவு பலமில்லை. 5 முதல் 16 வயது வரையுள்ள ஆட்டிசப் பிள்ளைகளிடம் நடத்தி 2014இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், கனத்த போர்வையும் சாதாரணப் போர்வையும் தூக்கத்தில் வித்தியாசம் காட்டவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் கனத்த போர்வைதான் பிடித்திருந்தது. 2020இல் ஸ்வீடனில் 120 பெரியவர்களிடம் நடத்தியதில் நல்ல பலன் தெரிந்தது. அவர்கள் மனச்சோர்வு, பதற்றம், கவனக்குறைவு உள்ளவர்கள். நாடும் ஸ்வீடன். ஆக, பிடித்திருந்தால் தீங்கில்லை, மருந்தென்று நம்பி வாங்க வேண்டாம்.

அழுத்தம்தான் வேண்டுமென்றால் இங்கே எல்லார் வீட்டிலும் ஒரு சாமான் ஏற்கெனவே இருக்கிறது: கட்டிப்பிடித்துப் படுக்கிற நீளத் தலையணை, பந்தால் பெலுக். என் தம்பி இரண்டு வைத்திருக்கிறான், ஒன்று முன்னால், ஒன்று முதுகுக்குப் பின்னால் சுவரோடு. இரண்டு உறையும் வெளுத்துப்போன ஒரே பழைய சாரோங்கில் தைத்தவை, புதுத் துணியை அவன் தோல் ஏற்காது. ஸ்டாண்ட் காற்றாடியை மூன்றாம் எண்ணில் வைத்துச் சுவரைப் பார்க்கத் திருப்பிவிடுவான். அவனுக்கு அதன் இரைச்சல்தான் வேண்டும், காற்று வேண்டாம். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு அதே இரைச்சல் ஆகாது. துத்தநாகக் கூரையில் மழை கொட்டினால் அவன் குழந்தை மாதிரித் தூங்குவான், அவள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆகவே 'ஆட்டிசத்துக்கு ஏற்ற படுக்கையறை' என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். அந்த ஒருவருக்கு எது உறுத்துகிறது, எது இதமாக இருக்கிறது என்று அவரிடமே கேட்டு ஒவ்வொன்றாக மாற்றுவதுதான் வழி. சட்டைக் கழுத்து லேபிளை வெட்டுவது, கலிமாந்தாங் என்கிற வெள்ளைக் குழல்விளக்கை அணைத்துவிட்டு மஞ்சள் விளக்கு போடுவது, கோயில் தீமிதி வாரத்தில் ஒலிபெருக்கிக்குத் தள்ளியிருக்கும் சித்தி வீட்டில் படுப்பது, எதற்கும் பெரிய செலவில்லை.

போனைப் பிடுங்குவது

பழக்கவழக்க மாற்றம் என்று டாக்டர்கள் சொல்வதை நம் வீடுகளில் போனைப் பிடுங்குவது என்று புரிந்துகொள்கிறோம். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் என்னிடம், "பத்து மணிக்குப் போனை வாங்கி அலமாரியில பூட்டிட்டேன். பன்னண்டு மணி வரைக்கும் அழுதாம்மா" என்றார். அந்தப் பிள்ளையைக் கேட்டால் வேறு கதை. பள்ளி முழுக்க மற்றவர்களைப் பார்த்துச் சிரித்து, மற்றவர்கள் மாதிரி பேசி நடித்துவிட்டு வருகிறாள். வந்ததும் டியூஷன், பிறகு தம்பி தங்கை, பிறகு கூடத்தில் தொலைக்காட்சித் தொடர். வீடு அடங்கிய பிறகுதான் அவளுக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கிறது. அதில் அவள் ரயில் படங்கள் பார்க்கிறாள். நாம் பூட்டிவைத்தது அந்த ஒரு மணி நேரத்தையும் சேர்த்துத்தான்.

அதை எடுக்கக் கூடாது, இடம் மாற்ற வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் யாரும் பேசாத ஒரு மணி நேரம், கதவு சாத்திய அறை, ரயிலோடு. டியூஷன் கொஞ்சம் தள்ளிப்போகட்டும். அதன் பிறகு இரவில் ஒரே வரிசை: குளியல், மைலோவுக்குப் பதில் வெறும் பால், உடை, விளக்கு. வரிசையை அவளே எழுதிச் சுவரில் ஒட்டட்டும். பெரியவர்கள் எழுதிக் கொடுத்த அட்டவணைக்கும் அவளே எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சில நாளிலேயே பார்க்கலாம். மாலை நான்குக்கு மேல் தே தாரிக் வேண்டாம். தேநீரின் கஃபீன் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும்.

பெரியவர்களுக்கு இதன் முறையான வடிவம் ஒன்று உண்டு: பேச்சின் வழியே எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற, தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன் இதையே கொடுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் சொல்லிவிட்டது. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடம் நடந்த சோதனைகள் இன்னும் சிறியவை. ஆனாலும் மூன்று மணிக்கு ஒத்திகை பார்க்கிற என் தம்பி போன்றவருக்கு நான் இதைத்தான் மாத்திரைக்கு மேலே வைப்பேன். தமிழில் செய்து கொடுப்பவரைக் கண்டுபிடிப்பது எளிதில்லை, காத்திருக்க வேண்டியும் வரும். விதிகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 'படுக்கை தூங்குவதற்கு மட்டும்' என்பது அதில் ஒரு விதி. ஒரு அறையும் ஒரு கட்டிலும்தான் தன் உலகம் என்று இருப்பவரிடம் அதைச் சொன்னால் எங்கே போவார்? கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பாய் விரித்தோம். பகல் வேலையெல்லாம் பாயில், தூக்கம் கட்டிலில். அவனுக்கு விதிகள் பிடிக்கும், காரணம் தெளிவாக இருந்தால் ஒரு அங்குலம் பிசகாமல் பின்பற்றுவான். படுக்கும் நேரத்தைச் சுருக்கும் பகுதிக்கு மட்டும் டாக்டர் மேற்பார்வை அவசியம். வலிப்பு உள்ளவருக்கு அது ஆபத்து, அரைத்தூக்கத்தில் மோட்டார்சைக்கிள் ஓட்டுபவருக்கும் அப்படியே.

மணியை மாற்றுவது

இதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத்தான் யாரும் சொல்வதில்லை.

1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னால் தள்ளியது, சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்கட்டும் என்று. சூரியன் அந்த உத்தரவைக் கேட்கவில்லை. பெராக்கில் அது உதிப்பது ஆண்டு முழுக்க ஏழிலிருந்து ஏழரைக்குள். பள்ளி தொடங்குவது ஏழரை. தோட்டத்துப் பக்கமிருந்து வரும் பிள்ளைக்கு ஆறேகாலுக்கே பள்ளிப் பேருந்து. அப்படியென்றால் ஐந்தரைக்கு, கும்மிருட்டில் எழ வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். குறைந்தபட்சம் என்று வைத்தாலும் இரவு ஒன்பதரைக்குத் தூங்கியிருக்க வேண்டும். பருவ வயதில் உடம்பின் கடிகாரம் எல்லாப் பிள்ளைகளுக்குமே பின்னால் நகர்கிறது. ஆட்டிசம் உள்ளவர்களிடம் அந்த நகர்வு இன்னும் அதிகமாக இருப்பதைப் பலரிடம் பார்க்கலாம். ஒன்பதரைக்கு அந்த உடம்பு தூங்காது, எத்தனை திட்டினாலும். பல இடைநிலைப்பள்ளிகளில் படிவம் ஒன்றும் இரண்டும் பிற்பகல் பிரிவு, மூன்றிலிருந்து காலைப் பிரிவு. கடிகாரம் பின்னால் போகும் வயதில் பள்ளி முன்னால் வருகிறது. எதிர்வீட்டுப் பிள்ளையின் தூக்கம் கெட்டது படிவம் மூன்றில்தான்.

பள்ளி நேரத்தை நாம் மாற்ற முடியாது. காலை வெளிச்சத்தை மாற்றலாம். எழுந்தபின் கண்ணில் படும் வெளிச்சம்தான் உடல் கடிகாரத்தை முன்னால் இழுக்கும் பெரிய கயிறு. ஐந்தரைக்கு அது வெளியே கிடைக்காது. சமையலறையில் இருக்கிற எல்லாக் கலிமாந்தாங்கையும் போட்டு, அதற்கடியில் உட்கார்ந்து பசியாறட்டும். விளக்கு சூரியனுக்கு ஈடாகாது, இருட்டில் கிளம்புவதைவிட மேல். பள்ளியில் ஓய்வு நேரத்தில் கன்டீனின் மூலையில் ஒதுங்காமல் திடலோரம் நிற்க ஆசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லலாம். கன்டீன் இரைச்சலிலிருந்து தப்பவும் அது உதவும். சனி ஞாயிறில் பன்னிரண்டு வரை தூங்கவிட்டால் திங்கட்கிழமை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மணி நேரம் கூடுதல் போதும், அதன்பின் வீட்டு வாசல் அஞ்சடியில் நாற்காலி போட்டு வெயிலைப் பார்த்து உட்காரட்டும்.

பெரியவர்களுக்கு இங்கேதான் உண்மையான தேர்வு இருக்கிறது. என் தம்பியின் தொழிற்சாலையில் ஷிப்ட் வாரத்துக்கு வாரம் மாறியது: ஒரு வாரம் காலை ஏழு, மறுவாரம் மாலை மூன்று, அதற்கடுத்து இரவு பதினொன்று. யாருக்கும் கெடுதல் இது. மாற்றத்தையே தாங்க முடியாத ஒருவருக்குக் கேட்கவே வேண்டாம். எந்த ஷிப்ட் வேண்டும் என்று கேட்டேன். "எதுவா இருந்தாலும் ஒண்ணா இருந்தா போதும்க்கா" என்றான். மூன்றிலிருந்து பதினொன்று வரை நிரந்தரமாகக் கேட்டோம். ஊர் கண்ணுக்கு அது கேவலமான ஷிப்ட், காலை பத்துக்கு எழுகிறான் என்று பேச்சு. ஆனால் அவன் உடம்பின் கடிகாரம் இயல்பாகவே பின்னால் ஓடுவது. இரண்டிலிருந்து பத்து வரை தூங்கினால் எட்டு மணி நேரம். இடையில் எழுந்து பார்க்கிற ஒத்திகை முழுக்கப் போகவில்லை, குறைந்திருக்கிறது. முன்பு காலை ஷிப்ட் வாரங்களில் மேற்பார்வையாளரோடு வருகிற தகராறு இப்போது வருவதில்லை.

இதைத் தயவாகக் கேட்க வேண்டியதில்லை. திருத்தப்பட்ட தொழிலாளர் சட்டம் 2023 ஜனவரி 1 முதல், வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்து மூலம் விண்ணப்பிக்கத் தொழிலாளிக்கு உரிமை தருகிறது. முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. கடிதத்தோடு மருத்துவரின் குறிப்பும் ஓகேயூ அட்டை நகலும் வைத்தால் பேச்சுக்கு எடை கூடும். ஆட்டிசத்தை மேலிடத்தில் சொல்வதா வேண்டாமா என்பது மட்டும் அவர் முடிவு. அக்கா என்ற முறையில் நான் சொல்லிவிடக் கூடாது.

அந்த 'யார் முடிவு' என்பதுதான் வயதுவந்தவருக்கும் பதின்ம வயதினருக்கும் பெரிய வித்தியாசம். 18 தாண்டியவருக்கு எதைக் கொடுப்பது என்ற கேள்வியே தவறு, எதை எடுத்துக்கொள்கிறார் என்று கேட்க வேண்டும். பாலில் மாத்திரையைப் பொடித்துக் கலக்கும் வீடுகள் இருக்கின்றன. அது ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு அவர் அந்த வீட்டில் பால் குடிக்க மாட்டார், டாக்டரையும் நம்ப மாட்டார். 15 வயதுப் பிள்ளையின் மாத்திரைக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். அதற்காக அவளைக் கேட்காமல் செய்ய வேண்டும் என்பதில்லை.

ஆக, கையில் இருநூறு வெள்ளியும் ஒரு மாதப் பொறுமையும் இருந்தால், நான் போர்வை வாங்க மாட்டேன். பதின்ம வயதுப் பிள்ளைக்கு: கிளினிக், பிற்பகல் ஒரு மணி நேர அமைதி, காலை வெளிச்சம், அதற்குப் பிறகும் படுத்து ஒரு மணி நேரம் உருண்டால் டாக்டர் சொல்லும் மெலட்டோனின். பெரியவருக்கு: கிளினிக், மாறாத ஷிப்ட், நடு இரவில் விழிப்பவர் என்றால் மேலே சொன்ன அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கையில் பாயும் கட்டிலும் பிரிக்கிற ஏற்பாடு. இந்த வரிசை எதுவும் பொருந்தாத ஒரு நிலை உண்டு. 'இருந்து என்ன பயன்' என்ற பேச்சு வந்தாலோ, தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலோ, தூக்கத்தைச் சரிசெய்துவிட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு. பேசவாவது வேண்டுமென்றால் சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. ஆட்டிசம் உள்ளவர்களிடம் இந்த ஆபத்து மற்றவர்களைவிட அதிகம், அவர்கள் அதைச் சொல்லும் குரலும் சாதாரணமாக இருக்கும்.

கிளினிக்குக்குப் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குப் படுத்தார், ஏறக்குறைய எப்போது தூங்கினார், எத்தனை முறை விழித்தார், எப்போது எழுந்தார், அன்று மலம் போனதா, மாலையில் என்ன குடித்தார், மறுநாள் மனசு எப்படி இருந்தது. மனசுக்கு வார்த்தை வராதவர் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண் போடட்டும், என் தம்பி அப்படித்தான் செய்கிறான். அதைக் கையில் கொடுத்தால் பத்து நிமிடத்தில் முடிகிற சந்திப்பில்கூட டாக்டர் சரியான கேள்விகளைக் கேட்பார். 'இவனுக்குத் தூக்கமே வரல டாக்டர்' என்று மட்டும் சொன்னால் பெரும்பாலும் ஒரு மாத்திரைச் சீட்டோடு திரும்பி வருவீர்கள்.